பிரெஞ்சுச் சாமியாரும் துபாய்ச் செவ்வாயும்

துபாய் விமான நிலையத்தில் என்னை வரவேற்க முரளி ஆளுயர பேனரோடு நின்றிருந்தார். பேனரில் பாதி நான். மீதிப் பாதி, நான் புத்தகம் எழுதிய பிரெஞ்சுச் சாமியார். இருவர் தலைக்குப் பின்னாலும் ஒளிவட்டம். மேலே கொட்டை எழுத்தில் ‘பிரெஞ்சு சித்தரின் ஜோதிட ரகசியங்கள்!’ என்றிருந்தது.

“நான் வானியல்னுதானே சொன்னேன்?” என்றேன்.

“அதேதான் மேடம். வானியல்னு போட்டா வானிலை அறிக்கைன்னு நினைச்சுக்கிறாங்க. போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. ஒருத்தர் மழை எப்ப வரும்னு கேட்டார்.”

நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு பலர் காசிக்குப் போகிறார்கள், சிலர் வீட்டுமனை வாங்குகிறார்கள். நான் நானூறு பக்கத்துக்கு ஒரு சாமியாரின் வாழ்க்கை வரலாறு எழுதினேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. புத்தகத்தில் எழுதியதற்கே, அச்சகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு விதமாக அச்சுக் கோத்திருந்தார்கள். சாமியார் என்றே வைத்துக்கொள்வோம். லூயி மன்னர்கள் காலத்து ஆள். தெற்கு பிரான்சில் ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்தார். அந்த மடத்தில் ஆயுள் முழுக்க இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது. அதையெல்லாம் விட்ட மனிதர் தொலைநோக்கியை மட்டும் விடவில்லை.

இந்தப் புத்தகத்தைத் தமிழ்நாட்டில் யாரும் படித்ததற்கான தடயம் இல்லை. வளைகுடாத் தமிழர்கள் கூப்பிடுகிறார்கள் என்றதும், எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிட்டேன். கேட்டிருக்கலாம்.

முரளிக்குச் சொந்த ஊர் கும்பகோணம். துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்குக்கு மேனேஜர், தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். வீட்டில் மனைவி ஜெயந்தி, மகள் ஹரிணி. ஹரிணி துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர். நான் போய் உட்கார்ந்ததும் ஜெயந்தி நெய் தோசை, கேசரி, பாதாம் பால் என்று வரிசையாக வைத்தார். என் சாமியாரின் விரதத்தைச் சொல்லிப் பார்த்தேன். “பாவம், அதான் சந்நியாசம் வாங்கிட்டார்போல,” என்று இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

மறுநாள் அல் கூஸில் கூட்டம். கிடங்குகளுக்கு நடுவே, டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஹால். முன்வரிசையில் குடும்பங்கள், பின்னால் லேபர் கேம்ப் பஸ்ஸில் வந்திறங்கிய தொழிலாளர்கள். சொற்பொழிவு முடிந்தால் பிரியாணி என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் கையில் மஞ்சள் தடவிய காகிதங்களும் பிளாஸ்டிக் உறைகளும் இருந்தன. என் சொற்பொழிவைக் குறிப்பெடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் நம்பினேன். அத்தனையும் ஜாதகம்.

நான் ஜாதகம் பார்ப்பதில்லை என்று அறிவித்தேன். முன்வரிசை பிளாஸ்டிக் உறைகளால் விசிறிக்கொள்ளத் தொடங்கியது. பின்வரிசைதான் என்னைக் காப்பாற்றியது. சாமியார் கப்பலேறி மத்தியதரைக் கடல், கரீபியத் தீவுகள், தென் அமெரிக்கா என்று வருஷக்கணக்கில் அலைந்ததையும், வழியில் கடற்கொள்ளையரிடம் மாட்டியதையும் சொன்னபோது அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எழுந்து, “மேடம், அவருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ லீவு உண்டா?” என்றார்.

“இல்லை.”

“கஃபீல் யாரு?”

வேலைக்கு ஆளெடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்கிற முதலாளியைத்தான் இங்கே கஃபீல் என்கிறார்கள். யோசித்துவிட்டு, “பிரெஞ்சு ராஜா,” என்றேன்.

“சரியாப் போச்சு. பெரிய கஃபீலு. நினைச்சப்ப ஊருக்குப் போகவே முடியாது,” என்று அவர் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், என் சாமியாரை இவ்வளவு சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை.

அடுத்து அவருடைய வேலைக்கு வந்தேன். ஒரு துறைமுகம் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வியாழனைச் சுற்றும் நிலா ஒன்று அதன் நிழலுக்குள் மறையும் கணத்தை இவர் லிமாவில் பார்ப்பார், இன்னொருவர் பாரிஸில் பார்ப்பார். ஒரே கணம்தான். ஆனால் இங்கே ஒரு மணி, அங்கே வேறொரு மணி. இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டு ஊருக்கும் உள்ள தூரம். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நான் ஆசிரியை. கொட்டாவியைக் கண்டால் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது.

“துபாய்ல சூரியன் மறையற நேரத்துல ஒரு குழந்தை பிறக்குதுன்னு வைங்க. அதே நொடியில கும்பகோணத்துல நல்லா இருட்டியிருக்கும். அந்தக் குழந்தை தலைக்கு மேல இருக்கிற வானம் வேற, கும்பகோணத்து வானம் வேற.”

மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த முரளியின் முகம் மாறியது. நேரமாகிவிட்டது என்று நினைத்துச் சீக்கிரம் முடித்தேன். பின்வரிசை மனசாரக் கைதட்டிவிட்டுப் பிரியாணிக்கு ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் முரளி சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டார். “மேடம், நீங்க சொன்ன குழந்தை எங்க ஹரிணிதானே?”

நான் விழித்தேன். ஜெயந்தி விளக்கினார். “இவ பிறந்தப்ப வெளிய மக்ரிப் பாங்கு சொல்லிட்டிருந்தாங்க மேடம். சூரியன் மறையற நேரம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“நான்தான் ஊருக்கு போன் பண்ணேன்,” என்றார் முரளி. “அங்க குழம்பிடக் கூடாதேன்னு மணியை இந்தியா டைமுக்கு மாத்திச் சொன்னேன். எங்க அண்ணன் அதை அப்படியே ஜோசியர்கிட்ட குடுத்துட்டான்.”

“எங்க பிறந்ததுன்னு ஜோசியர் கேக்கலையா?”

“கும்பகோணத்துக் குடும்பம், வேற எங்க பிறக்கப்போகுதுன்னு விட்டிருப்பார்.”

ஆக, பிறந்தது துபாயில். ஜோசியர் எழுதியது கும்பகோணத்து இருட்டை. அந்த ஜாதகப்படி ஹரிணிக்குக் கடுமையான செவ்வாய் தோஷம். மூன்று வரன்கள் வந்த வழியே போயிருக்கின்றன. நான்காவது சென்னையில் இருக்கிறது. பையனுக்குப் பெண்ணின் போட்டோ பிடித்துவிட்டது, பையனின் அப்பாவுக்குச் செவ்வாய் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் பேசி முடித்து, செவ்வாய்க்காக மட்டும் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

“தப்பை நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. ப்ரொஃபசர்னு கையெழுத்துப் போட்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம்,” என்றார் முரளி.

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. தப்பான பொய்யைத் திருத்தினால் கிடைப்பது சரியான பொய்தான். ஆனால் கணக்கு தப்பு என்பது உண்மை. அதை உண்மை என்று சொல்ல எதற்காகக் கை கூசுகிறது என்று எனக்கே விளங்கவில்லை. அடுத்த கூட்டம் மஸ்கட்டில், அங்கிருந்து திரும்பியதும் பார்க்கலாம் என்றேன். ஜெயந்தி அதற்குள் கும்பகோணத்துக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். ஹரிணி சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள். கும்பிட வந்த கோயிலில் செருப்பைத் தொலைத்தவள் பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் காரில் மஸ்கட் கிளம்பினோம். ஓட்டியது ஹரிணி, பக்கத்தில் முரளி, பின்னால் நான். ஜெயந்தி வரவில்லை. கும்பகோணத்து ஜோசியர் திருப்பிக் கூப்பிடுவார், வீட்டில் யாராவது இருக்க வேண்டுமே. எல்லையில் ஓமான் அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொன்னார். புத்தகப் பெட்டிகள். ஒன்றை எடுத்து அட்டையிலிருந்த சாமியாரை உற்றுப் பார்த்தார். முரளி முந்திக்கொண்டு இந்தியில், மேடத்தோட குருஜி என்றார். அதிகாரி காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அவர் எங்கே? அவருடைய பாஸ்போர்ட்டையும் கொடுங்கள்,” என்றார். அவர் இறந்து பல காலமாயிற்று என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். “அல்லா அவருக்குக் கருணை காட்டட்டும்,” என்று வருத்தத்தோடு புத்தகத்தைத் திருப்பித் தந்தார். தமிழ்நாட்டில் என் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளை நினைத்துக்கொண்டேன். இந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஓமானில் சோஹார் நகரத்தைத் தாண்டியதும் டயர் வெடித்தது. ஹரிணி பதறாமல் ஓரம் கட்டினாள்.

“ஸ்டெப்னி இருக்குல்லப்பா?”

முரளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகப் பெட்டிக்கு இடம் போதவில்லையென்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மனிதகுல வரலாற்றில் என் புத்தகத்துக்காக ஒருவர் செய்த முதல் தியாகம். அதற்காகவாவது அவரைத் திட்டாமல் இருந்தேன்.

ஒரு மலையாளி தன் பிக்கப் வண்டியை நிறுத்தினார். பழுதான டயரைத் தூக்கிப் பின்னால் போட்டார். “எல்லாரும் ஃபோனில் வழி பார்க்கிறார்கள், டயரை யாரும் பார்ப்பதில்லை,” என்று மலையாளத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முரளியை ஏற்றிக்கொண்டு போனார். ஹரிணியும் நானும் கார் நிழலில், சாலையோரத்துச் சரளையில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் சீறும் லாரிகள். குடிக்கத் தண்ணீரும் ஜெயந்தி கட்டிக்கொடுத்த புளியோதரையும் இருந்தன.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? ப்ளீஸ், டோன்ட் ஃபிக்ஸ் இட்.”

“எதை?”

“என் ஜாதகத்தை. அந்த செவ்வாய் இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன். மூணு பேரை அதுதான் விரட்டுச்சு. இட்ஸ் லைக் மை பாடிகார்ட்.”

“இந்தப் பையன் நல்லவன் இல்லையா?”

“நல்லவன்தான். பேசினேன். ப்ராப்ளம் அவன் இல்ல ஆன்ட்டி. எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம். யாரும் என்கிட்ட கேக்கல. செவ்வாய்கிட்டதான் கேட்டாங்க.”

சொல்லிவிட்டுப் புளியோதரையில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சாமியாரின் கடைசிக் காலம் ஞாபகம் வந்தது. ராஜா அவருக்கு மானியம் கொடுத்தார், துறைமுக நகரத்தில் ஒரு வான் நோக்குக்கூடமும் கட்டிக்கொடுத்தார். நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அதே கடற்கரைகளுக்குப் பிற்பாடு போய்வந்த ஒரு பொறியாளர், சாமியாரின் வரைபடங்களில் பிழை இருப்பதாக எழுதினார். சாமியார் விடவில்லை, பதிலுக்கு அச்சிட்டார். நீ பிழையா, நான் பிழையா என்று சண்டை. கடவுளுக்காக எல்லாவற்றையும் துறந்த மனிதர், ஒரு தீவு எங்கே இருக்கிறது என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நான் மிகுந்த பெருமையோடு எழுதியிருந்தேன். சரியான இடம், சரியான மணி, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று. இப்போது சரியான மணியைச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடும்.

“நான் பொய் சொல்ல மாட்டேன்மா,” என்றேன். “கணக்கு தப்புன்னு உங்க அப்பாகிட்ட ஏற்கனவே சொல்லியாச்சு. அதை மாத்திச் சொல்ல முடியாது. ஆனா நீ எத்தனை நாளைக்குச் செவ்வாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சிருப்ப? வேண்டாம்னு நீயே சொல்லேன்.”

“அப்பா அழுவார்.”

“அழட்டுமே.”

இதைச் சொல்வது எனக்குச் சுலபம். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அடுத்தவர் வீட்டு அழுகைக்கு தைரியம் சொல்வதில் கல்யாணமாகாத பேராசிரியைகளை மிஞ்ச ஆளில்லை.

முரளி டயரோடு வந்து சேர்ந்தார். வியர்த்து விறுவிறுத்திருந்தாலும் உற்சாகமாக இருந்தார். வழியில் ஜெயந்தி கூப்பிட்டிருக்கிறார். கும்பகோணத்து ஜோசியர் துபாய் வானத்தில் போட்டுப் பார்த்தாராம், செவ்வாய் சாதுவாக ஒதுங்கிவிட்டதாம். சென்னைக்கும் தகவல் போய்விட்டது. பையனின் அப்பா சாயந்திரம் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறார்.

கார் கிளம்பியது. முரளி கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கும்பகோணமா, துபாயா? நாதஸ்வரத்துக்கு விசா கிடைக்குமா? ஹரிணி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பா, எனக்கு வேண்டாம்.”

“துபாய் வேண்டாம்னா கும்பகோணத்துலயே வச்சுக்கலாம்.”

“கல்யாணமே வேண்டாம்ப்பா. இப்போதைக்கு. ஐ ஆம் ஸாரி.”

அதன்பின் மஸ்கட் வரை வழிகாட்டும் கருவி மட்டும் அவ்வப்போது, வலப்பக்கம் திரும்புங்கள் என்று ஆங்கிலத்தில் அறிவுரை சொன்னது. முரளி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்று பின்சீட்டிலிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சலும் இல்லை.

மஸ்கட்டின் ரூவி பகுதியில் எங்களுக்குப் பொறுப்பு காதர் பாய். கீழக்கரைக்காரர். கீழே ஓட்டல், மேலே கூட்டம் நடத்தும் அறை. வாசலிலேயே என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். “வாங்க டீச்சரம்மா. வெயில்ல ரொம்ப சிரமப்பட்டு வந்திருக்கிய. முதல்ல சாப்புடுங்க, சாமியார் எங்கயும் ஓடிப்போக மாட்டாரு.”

சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன் என்றேன். இங்கேயும் பேனர் இருந்தது. ஆனால் காதர் பாய் ‘ஜோதிட’ என்ற சொல்லின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார். “எங்க ஜமாத்துல இதெல்லாம் ஒத்துக்க மாட்டாக,” என்றார். வந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், கடல் தெரிந்த ஊர்க்காரர்கள். கொள்ளையர் கதையைவிட, அலையில் ஆடுகிற கப்பலில் தொலைநோக்கி வேலைக்கு ஆகாது, அதனால் சாமியார் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி ஊசல் கடிகாரத்தைத் தரையில் நிலையாக வைத்து, சூரியனைப் பார்த்து அதற்கு மணி வைத்த கதையைத்தான் ரசித்தார்கள். யாரும் கையில் உறை வைத்திருக்கவில்லை. என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த கூட்டம். கடைசி வரிசையில் முரளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து கீழே சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கும் ஹரிணிக்கும் பரோட்டா, மீன் குழம்பு. முரளிக்குக் காய்கறி குருமா. அவர் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாரே தவிர, வாயில் வைக்கவில்லை. அப்போது போன் அடித்தது. சென்னை.

முரளி போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஹரிணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார்.

“சொல்லுங்க சார்... ஆமா சார், பார்த்தோம்... இல்ல சார். அது சும்மா அவசரத்துல சொன்னது. ப்ரொஃபசர் மேடம் மறுபடி பார்த்துட்டாங்க.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “பொருந்தலையாம் சார். செவ்வாய் முன்னவிடக் கடுமையா இருக்காம்.”

ஹரிணியின் கை குழம்புக் கிண்ணத்தில் அப்படியே நின்றது.

போனில் ஏதோ கரகரத்தது. முரளி என்னைப் பார்த்தார். “மேடம், அவர் உங்ககிட்டயே கேக்கணுமாம்.” போனை நீட்டிய கை கெஞ்சியது. இந்த மனிதர் நேற்று என்னிடம் கேட்டது ஓர் உண்மை. இப்போது கேட்பது நேர் எதிர். இரண்டுமே மகளுக்காகத்தான்.

போனை வாங்கினேன். சென்னைக்காரர் மரியாதையான குரலில் கேட்டார். “அம்மா, வணக்கம். நீங்க பிரான்ஸ் முறையெல்லாம் படிச்சவங்கன்னு சொன்னாங்க. பொண்ணு ஜாதகம் நிஜமாவே பொருந்தலையா?”

நான் பொய் சொல்ல மாட்டேன் என்று கார் நிழலில் உட்கார்ந்து பெரிதாகச் சொன்னவள். வாயிலிருந்த மீன் முள்ளை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

“இந்தப் பொண்ணுக்கு இந்தக் கல்யாணம் பொருந்தாது சார்,” என்றேன். “அது நிச்சயம்.”

“நீங்க எந்தப் பஞ்சாங்கத்துல பார்த்தீங்க? திருக்கணிதமா, வாக்கியமா?”

“ரெண்டும் இல்ல சார். நேர்ல பார்த்தேன்.”

“நேர்லயே பார்த்தீங்களா?” என்றார் பயபக்தியோடு. “அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு? ரொம்ப நன்றிம்மா. எங்க ரெண்டாவது பையனுக்கும் ஒருநாள் பார்த்துச் சொல்லணும்.”

போனை முரளியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்றார்.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த பரிமாறுகிறவர், சாப்பிட என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறார் என நினைத்துக்கொண்டார். “பரோட்டா கலாஸ், தீந்துபோச்சு சார். தோசை போடலாம்.”

ஹரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “தோசை ஓகேப்பா,” என்றாள்.